ஜோடி கிடைக்காத கர்ப்பப்பை

கண்டக்டரம்மா இருபத்திரண்டு வருடமாகப் பதினெட்டாம் நம்பர் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து வந்தாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சில்லறை எண்ணக்கூடியவள். கடைசி மூன்று வருடமாக அவளால் அப்படி நிற்க முடியவில்லை. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. யூனிஃபார்ம் வெளிர் நீலம் என்பதால், கொளுத்துகிற வெயிலிலும் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு ஸ்வெட்டரைக் கட்டியிருந்தாள். அது ஏதோ ஸ்டைல் என்று பயணிகள் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசி ஸ்டாப்பில் கழிவறைக்குப் போய்த் திரும்ப அவளுக்கு நான்கு நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது. டிரைவர் இன்ஜினை அணைக்காமல், எதுவும் கேட்காமல் காத்திருப்பார். டைம்கீப்பர் மட்டும் ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதுவார்: ‘தாமதம் நான்கு நிமிடம். காரணம், கண்டக்டரின் சொந்த அலுவல்.’ அந்த மாதிரி எழுபத்தொரு சொந்த அலுவல்கள் சேர்ந்தபோது அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. விளக்கத்தோடு மருத்துவச் சான்றிதழ் வைக்க வேண்டும். பஸ் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் ஒரே ஓர் ஆஸ்பத்திரியினுடையது. அது நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி. அதன் வாசலில்தான் பதினெட்டாம் நம்பர் பஸ்ஸும் நிற்கும்.

அங்கே வெளிநோயாளிப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர் ஸ்கேன் பார்த்தார். கர்ப்பப்பையில் மூன்று நார்க்கட்டிகள். பெரியது எலுமிச்சம்பழ அளவு இல்லை, ஆரஞ்சு அளவு. ரத்தம் ஒன்பது கிராம், பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

“கர்ப்பப்பைய எடுத்துடறது நல்லதும்மா. மாத்திரையெல்லாம் பாத்தாச்சு. வயித்த கிழிக்க வேண்டாம். நாலு சின்ன ஓட்டை போட்டு எடுத்துடலாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடுவீங்க.”

கண்டக்டரம்மாவுக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மனம் வரவில்லை. மூன்று வருடத்தில் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

“எப்ப பண்ணுவீங்க?”

டாக்டர் பேனாவை மூடினார். “அதுக்கு நீங்க மூணாவது மாடிக்குப் போகணும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம், துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் போல ஆனது.

மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள் இருந்தன. இடது பக்க அறையில் ரோபோ டாக்டர். வலது பக்க அறையில் லேப்ராஸ்கோபி டாக்டர். இருவரும் செய்வது ஒரே அறுவை சிகிச்சைதான். இரண்டிலும் வயிற்றில் சிறு ஓட்டைகள்தான். லேப்ராஸ்கோபி டாக்டர் நீளமான கருவிகளைத் தன் கையால் பிடித்து, திரையைப் பார்த்துக்கொண்டு, நின்றபடி செய்வார். ரோபோ டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஒரு பெட்டிக்குள் கண்ணை வைத்துக் கைப்பிடிகளை அசைப்பார். அவர் அசைக்கிறபடி ரோபோவின் கைகள் அசையும். ரோபோ வந்த நாளிலிருந்து இந்த இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்வதில்லை. லிஃப்டில் ஒருவர் இருந்தால் மற்றவர் படியில் போவார்.

எது சிறந்தது என்று கண்டுபிடிப்பதற்காக நிர்வாகம் ஒப்பீட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஒப்பீடு முடியும்வரை, ஒப்பீட்டுக்கு வெளியே எந்தப் பெண்ணுக்கும் அந்த அறுவை செய்யக்கூடாது என்பது உத்தரவு. பிரிவின் தலைவர் மருத்துவர் அல்ல. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே தகுதி அதுதான். இதற்கு முன் அவர் ஆஸ்பத்திரியின் வாகன நிறுத்தத்தைக் கவனித்துவந்தார். இரண்டு டாக்டர்களின் கார்களுக்கும் அங்குலம் பிசகாமல் சம அளவில் இடம் ஒதுக்கியவர் என்று அவருக்கு நல்ல பெயர் இருந்தது.

முதல் நாள் கண்டக்டரம்மா தன் வீட்டுக்காரரையும் கூட்டிப் போனாள். அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எதையும் ஒருமுறை திருகிப் பார்க்காமல் நம்ப மாட்டார். ஒருங்கிணைப்பாளர் என்று சட்டையில் எழுதியிருந்த ஒரு பெண், முப்பத்தொரு பக்க ஒப்புதல் படிவத்தை அவர்கள் முன் வைத்தாள்.

“ரோபோவே அறுத்துடுமா?” என்று கேட்டார் பூட்டுக்காரர்.

“இல்ல சார். டாக்டர்தான் பண்ணுவார். ரோபோ அவர் கை போறபடி போகும்.”

“அந்தப் பக்கத்து டாக்டர்?”

“அவரும் அவர் கையாலதான் பண்ணுவார்.”

“ஓட்டை?”

“ரெண்டுலயும் ஓட்டைதான் சார். ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும்.”

“எத்தன நாள்ல வீட்டுக்கு வரலாம்?”

“ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்.”

“அப்ப என்னதான் வித்தியாசம்?”

“அதத்தான் சார் ஒரு வருஷமா தேடிட்டிருக்கோம்” என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே.

எந்தப் பெண் எந்தப் பக்கம் என்பதை மூடிய கவர் ஒன்று தீர்மானிக்கும். டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நோயாளியும் தேர்ந்தெடுக்க முடியாது. அதுதான் நியாயம் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினாள். கண்டக்டரம்மாவுக்கு அதில் குறை எதுவும் தோன்றவில்லை. எந்தக் கையாக இருந்தால் என்ன, எடுத்தால் சரி. படிவத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில், ‘எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டாலும் நான் மகிழ்ச்சியடைவேன்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து. அவள் மகிழ்ச்சியோடு போட்டாள்.

கவரைப் பிரிக்க மூன்று வாரம் ஆயிற்று. யார் பிரிப்பது என்பதில் சிக்கல். ரோபோ பக்கத்து ஆள் பிரித்தால் வலது அறை ஒப்புக்கொள்ளாது. வலது அறை ஆள் பிரித்தால் இடது அறை ஒப்புக்கொள்ளாது. தலைவரே பிரிக்கலாம் என்று முடிவானபோது, அவர் இடது கையால் கத்தரிக்கோல் பிடிப்பவர் என்பது தெரியவந்தது. அது இடது அறைக்குச் சாதகமான சமிக்ஞை என்று ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் கவரின் ஒவ்வொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே இருந்த சீட்டு இரண்டாகக் கிழிந்தது. ஒட்டிப் பார்த்தபோது ‘ரோபோ’ என்று இருந்தது.

இடது பக்கத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள். கண்டக்டரம்மா ஏதோ பரிசு விழுந்துவிட்டது போல எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு உதிரப்போக்கின் ஐந்தாம் நாள்.

ரோபோ டாக்டர் அவளை அறைக்குள் அழைத்துப் பேசினார். நல்ல மனிதர். சிரித்த முகம்.

“நீங்க பயப்படவே வேண்டாம். நான் உங்கள தொடக்கூட மாட்டேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். அதுதான் இதோட அழகு. பேஷன்ட் பக்கத்துல போகாமலே வைத்தியம் பாக்கணும்னு எங்க ஆளுங்க எத்தனையோ காலமா ஏங்கிட்டிருக்காங்க. இப்பதான் கைகூடியிருக்கு. நான் காலைல வந்ததும் முதல்ல மெஷின போய்த்தான் பாப்பேன். வார்டுக்கு அப்புறம்தான். உண்மையச் சொன்னா, வார்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு.”

வெளியே வந்தவளை லேப்ராஸ்கோபி டாக்டர் நடைபாதையில் மறித்தார். அவரும் நல்ல மனிதர்தான். ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தார்.

“எனக்கு அந்த மெஷின் மேல துளி பொறாமை கிடையாது. எழுதிக் குடுக்கறேன். பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டே ஆபரேஷன் பண்றேன். கழுத்து போச்சு, முதுகு போச்சு. மெஷினுக்கு முதுகு வலிக்குமா? அப்ப எது உயர்ந்தது? உங்க பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனா உங்கள அந்தப் பக்கம் விட்டுட்டேனேன்னு ராத்தூக்கம் வராது. அந்தச் சீட்ட மறுபடி ஒட்டிப் பாக்கச் சொல்லி மனு குடுத்திருக்கேன்.”

“எந்தப் பக்கம்னாலும் பரவாயில்ல டாக்டர். நீங்களே பண்ணிடுங்களேன், இப்பவே” என்றாள் கண்டக்டரம்மா.

அவர் ஓர் அடி பின்னால் போனார். “அப்படியெல்லாம் பண்ண முடியாதும்மா. ஒப்பீடு கெட்டுடும்.”

மனு தள்ளுபடியாக இரண்டு வாரம். அதன்பிறகு தேதி கேட்கப் போனாள். ஒருங்கிணைப்பாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உங்க ஜோடி இன்னும் கிடைக்கலம்மா.”

பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஜோடியா? நான்தானேம்மா இருக்கேன்.”

“அதில்ல சார். இவங்களுக்குச் சமமா அந்தப் பக்கத்துல ஒரு பேஷன்ட் வேணும். ஒரே வயசு, ஒரே எடை, ஒரே உயரம், கட்டி ஒரே சைஸ். வேலையும் ஒரே மாதிரி இருக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பண்ணாதான் நியாயமா இருக்கும்.”

“எங்களுக்குக் கல்யாணத்துக்கே இவ்வளவு பொருத்தம் பாக்கலையே” என்றார் பூட்டுக்காரர். ஒருங்கிணைப்பாளர் அதைக் கருத்துகள் பகுதியில் தட்டச்சு செய்துகொண்டாள்.

இரண்டு மாதம் போனது. ரத்தம் எட்டு கிராமுக்கு வந்தது. கண்டக்டரம்மா பின் படிக்கட்டுப் பக்கம் ஒரு சீட்டில் உட்கார்ந்தே டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தாள். முன்னால் ஏறுகிறவர்கள் சில்லறையைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். டைம்கீப்பர் அதற்கும் ஒரு தலைப்பு கண்டுபிடித்தார்: ‘பணி நேரத்தில் அமர்வு.’ அவள் செவ்வாய்தோறும் மூன்றாம் மாடிக்குப் போய் ஊதா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோடி இல்லை என்றார்கள். திரும்பினாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஜோடி கிடைத்துவிட்டது என்றார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எடை ஒன்றரைக் கிலோ கூடுதல். ஒன்றரைக் கிலோ ஏற்றிக்கொண்டு வருமாறு கண்டக்டரம்மாவிடம் சொன்னார்கள். அவள் உயிரைக் கொடுத்துச் சாப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனாள். அதற்குள் அந்தப் பெண், அவர்கள் சொன்னபடியே, ஒன்றரைக் கிலோ இறக்கியிருந்தாள்.

ஜோடிகள் ஒருவரையொருவர் சந்திக்கக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த மாடியில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறைதான் இருந்தது. வரிசையில் முன்னால் நின்ற பெண், பார்லரில் முடி வெட்டுகிறவள், திரும்பிக் கண்டக்டரம்மாவின் இடுப்பு ஸ்வெட்டரைப் பார்த்தாள். அவள் இடுப்பிலும் ஒன்று இருந்தது.

“நீங்களும் நாள் பூரா நிக்கற வேலையா?” என்று கேட்டாள்.

“பஸ்ல.”

“வயசு நாற்பத்தேழா?”

“ஆமா.”

பார்லர்க்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப நீங்கதானா அது? உங்களாலதான் எனக்கு அஞ்சு மாசமா நடக்கல. ‘உங்க ஜோடி ரெடியாகல, அந்தம்மா வரமாட்டேங்கறாங்க’ன்னே சொல்லிட்டிருக்காங்க.”

“என்கிட்ட நீங்க வரலன்னு சொல்றாங்களே.”

இரண்டு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமைகூட விட்டதில்லை. வலது பக்கக் காத்திருப்பு அறைக்கும் இடது பக்கக் காத்திருப்பு அறைக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகை. அதன் இரண்டு புறமும் அவர்கள் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

இருவரும் சேர்ந்து ஒருங்கிணைப்பாளரின் மேஜைக்குப் போய் நின்றார்கள். அவள் பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். “நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டீங்கன்னு நான் எழுதினா, ரெண்டு பேரையும் நீக்கிடுவாங்க. பாக்காத மாதிரி போயிடுங்க. அடுத்த வாரம் தேதி வாங்கித் தரேன்” என்றாள். பாவம், சொன்னபடி வாங்கியும் தந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு கண்டக்டரம்மாவை அறுவை அரங்கின் வாசலில் தள்ளுபடுக்கையில் படுக்க வைத்தார்கள். முந்தின நாளிலிருந்தே வெறும் வயிறு. பச்சை கவுன். கையில் ஊசி. பதினொரு மணிவரை யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து கைதட்டல் மட்டும் இரண்டு தடவை கேட்டது.

ஆஸ்பத்திரியைப் பார்வையிட ஒரு குழு வந்திருந்தது. அவர்களுக்கு ரோபோவின் திறமையைக் காட்ட, ரோபோ டாக்டர் ஒரு திராட்சையின் தோலை உரித்து மறுபடி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். செய்தி நடைபாதையைக் கடந்து வலது பக்க அரங்குக்குப் போனது. லேப்ராஸ்கோபி டாக்டர், நியாயமான ஒப்பீடு வேண்டும் என்று சொல்லி, அதே எடையில், அதே நிறத்தில், அதே கொத்தில் வளர்ந்த இன்னொரு திராட்சையைக் கேட்டு வாங்கினார். திராட்சைக்கு ஜோடி கிடைக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. இரண்டு திராட்சைகளுக்கும் ஒரே நேரத்தில் அறுவை நடந்தது. ஒன்றரை மணிக்கு தலைவர் வெளியே வந்து இரண்டு திராட்சைகளும் நலமாக இருப்பதாக அறிவித்தார்.

மயக்க மருந்து டாக்டரின் நேரம் முடிந்திருந்தது. கண்டக்டரம்மாவை எழுப்பி உட்கார வைத்து ஒரு கப் கஞ்சி கொடுத்தார்கள். அடுத்த அரங்கு வாசலில் பார்லர்க்காரியும் அதே அளவு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒருங்கிணைப்பாளர் லேப்டாப்போடு வந்தாள். அறுவை அரங்கு வரை போனவர்களை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டுமென்றால், அறுவைக்குப் பிந்தைய படிவம் நிரம்பியிருக்க வேண்டும்.

“அறுவையின்போது ரத்த இழப்பு?”

“என்னம்மா கேக்கற? பண்ணவே இல்லையே.”

“அப்ப ரத்த இழப்பு இல்ல” என்று அவள் பூஜ்யம் போட்டாள். “அறுவைக்கான நேரம்?”

“பண்ணல.”

“பூஜ்யம். தையல் பிரிஞ்சதா? இல்ல. குடலுக்கு, சிறுநீர்ப்பைக்கு ஏதாவது காயம்? இல்ல. அறுவை முடிஞ்சு எத்தன மணி நேரத்துல எழுந்து நடந்தீங்க?”

“நான் நடந்துதானே வந்தேன்.”

“உடனே” என்று எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னாள்: “அறுவை நடக்கலன்னு எழுத இதுல இடமே இல்லம்மா. நான் தேடாத நாள் இல்ல.”

வீட்டுப் படியேறும்போது பூட்டுக்காரர் சொன்னார்: “பூட்டிக்கிட்ட வீட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்கும்போது எந்த சாவி நல்ல சாவின்னு கூட்டம் போடுவாங்களா?” அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவள் பார்த்துவிடக்கூடாது என்று கதவின் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கண்டக்டரம்மா பஸ் கம்பெனியில் கேட்டாள். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஊழியர் பணியின்போது மயங்கி விழுந்தால் அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்று இருந்தது. விழுவதற்கு முன்னால் போக விதி இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு பகல் நேரத்தில், அவள் விதிப்படி விழுந்தாள். பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு வயதானவருக்கு மிச்சச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே அவர் மடியில் சரிந்தாள். நாணயங்கள் தரையெங்கும் உருண்டன. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் நிற்கவில்லை. அதற்கடுத்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. பஸ் போகக்கூடாத ஒரு குறுகிய தெருவுக்குள் திருப்பி, இரண்டு மாடி கொண்ட ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியின் முன் நிறுத்தினார். பயணிகளில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நான்கு பெண்கள் அவளைத் தூக்கி இறக்கினார்கள். மற்றவர்கள் சீட்டுக்கு அடியில் குனிந்து சில்லறையைப் பொறுக்கி அவள் பையில் போட்டார்கள்.

ரத்தம் ஆறு கிராம். அங்கே இருந்த டாக்டரம்மா ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. இரண்டு நாள் ரத்தம் ஏற்றினார். மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“நாளைக்குக் காலைல எடுத்துடலாமா?”

கண்டக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “கவர் பிரிக்க வேண்டாமா?”

“என்ன கவர்?”

“என் ஜோடி யாரு டாக்டர்?”

டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிதற்றுகிறாளோ என்று சந்தேகம். “ஜோடியெல்லாம் இல்லம்மா. நீங்க ஒருத்தர்தான்.”

அந்த வார்த்தையில் கண்டக்டரம்மா அழத் தொடங்கினாள். மெமோ வந்தபோதும், திராட்சைக்காகப் பட்டினி கிடந்தபோதும் வராத அழுகை. டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவில்லை. அழுது முடியும்வரை ஸ்டூலில் இருந்தார்.

பிறகு பூட்டுக்காரர் கேட்டார்: “டாக்டர், மெஷின் நல்லதா, கை நல்லதா?”

“ரெண்டும் நல்லதுதான். சில பேருக்கு மெஷின் சௌகரியம். அதிக குண்டா இருக்கறவங்க, உள்ள ஒட்டிக்கிட்டுச் சிக்கலா இருக்கறவங்க, அவங்களுக்கு உதவலாம். இவங்களுக்கு எதுல பண்ணாலும் பெருசா வித்தியாசம் இருக்காது. யாருக்கு எதுல கை பழகியிருக்குன்னு பாக்கணும். எனக்கு இதுல பழகியிருக்கு. மெஷின் எங்ககிட்ட கிடையாது. இருந்தா நானும் கத்துக்கிட்டிருப்பேன்.” எழுந்தார். “ஆனா எதுலயாவது பண்ணணும்.”

மறுநாள் காலை அறுவை, ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். நான்கு ஓட்டைகள். சாதாரண லேப்ராஸ்கோபி. முதல் நாள் தோள்பட்டை வலித்தது, வயிற்றில் ஏற்றிய வாயுவால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டாம் நாள் எழுந்து நடந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார்லர்க்காரிக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் அவளுக்கும் அங்கேயே ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து, அவள் வேலைக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பீட்டின் முதல் கட்டம் வெற்றிகரமாக முடிந்துவிட்டது. முடிவுகளை வெளியிடும் விழாவில் சிறப்புப் பங்கேற்பாளராக அவள் கலந்துகொள்ள வேண்டும். பூட்டுக்காரர் போக வேண்டாம் என்றார். கண்டக்டரம்மா ஸ்வெட்டரில்லாமல் கிளம்பினாள். பார்லர்க்காரியும் வந்து சேர்ந்துகொண்டாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் இரண்டு டாக்டர்களுக்கும் ஒரே உயரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் தலைவர்.

“பெருமக்களே” என்று அவர் தொடங்கினார். “ரோபோ பிரிவில் இருபது பெண்கள், லேப்ராஸ்கோபி பிரிவில் இருபது பெண்கள். இந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட தையல் பிரியவில்லை. ஒருவருக்குக்கூட உள்ளுறுப்புக் காயம் இல்லை. ஏறக்குறைய இரண்டாண்டு நடந்த இந்த மாபெரும் ஒப்பீட்டில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தப்படவில்லை என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன். இப்படி ஒரு முடிவை உலகத்தில் எந்த அறுவை அரங்கமும் கண்டதில்லை.”

பலத்த கைதட்டல். ரோபோ டாக்டர் எழுந்து, தன் பிரிவின் சராசரி அறுவை நேரம் பூஜ்யம் என்றார். லேப்ராஸ்கோபி டாக்டர் எழுந்து, தன் பிரிவின் சராசரியும் பூஜ்யம்தான், ஆனால் அதை நின்றுகொண்டே சாதித்ததாகச் சொன்னார். இரண்டுக்கும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்பதால், வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அறுநூறு பெண்களை வைத்து இரண்டாம் கட்டம் தொடங்கப்படும் என்று தலைவர் அறிவித்தார்.

பிறகு கண்டக்டரம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். ரோபோ பிரிவின் மிகத் திருப்தியான நோயாளி என்று அறிமுகப்படுத்தினார்கள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

“எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு” என்றாள். “இங்க இல்ல. மயங்கி விழுந்தேன். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில தூக்கிட்டுப் போய்ப் போட்டாங்க. அங்க ஒரு டாக்டரம்மா எடுத்தாங்க. கையாலதான். இந்த டாக்டருங்க ரெண்டு பேருக்கும் நல்லா பண்ணத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். யாராவது ஒருத்தர், ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு விதத்துல பண்ணியிருந்தா நான் வந்து கும்பிட்டிருப்பேன். ஏழு மாசம் நான் உங்க வாசல்ல ரத்தம் சிந்தினேன். ஒரு சொட்டு சிந்தலன்னு சொல்றீங்க. நாற்காலியத் திருப்பிப் பாருங்க. ஊதா துணி, அதனால தெரியாது.”

அரங்கத்தில் யாரோ இருமினார்கள். ரோபோ டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்ராஸ்கோபி டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் ஒருங்கிணைப்பாளர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் மட்டும் கலங்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மிக அருமையான கருத்து. அம்மாவின் பேச்சிலிருந்து நமக்கு ஒரு முக்கியமான பாடம் கிடைத்திருக்கிறது. பங்கேற்பாளர்கள் ஒப்பீடு முடிவதற்குள் வெளியே போய் அறுவை செய்துகொண்டுவிடுகிறார்கள். இது அறிவியலுக்கு நல்லதல்ல. எனவே இரண்டாம் கட்டத்தில், மூன்றாம் மாடி வாசலுக்கு ஒரு காவலர் கூடுதலாக நியமிக்கப்படுவார்.”

அதற்கும் கை தட்டினார்கள்.

இருவரும் அரங்கத்திலிருந்து மூன்றாம் மாடி நடைபாதைக்கு வந்தார்கள். கோபத்தில் கண்டக்டரம்மாவுக்கு எப்போதும் பேச்சு வராது. அன்றைக்கு வந்த அளவுகூட அதற்கு முன் வந்ததில்லை. வந்தும் ஒரு காவலர்தான் மிச்சம். பார்லர்க்காரி அவள் தோளைத் தொட்டுத் தடுப்புப் பலகைப் பக்கம் காட்டினாள். இரண்டு புறத்து ஊதா நாற்காலிகளிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஃபைல். பாதிப் பேர் இடுப்பில் ஏதோ ஒன்றைக் கட்டியிருந்தார்கள். இரண்டாம் கட்டத்துக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள்.

அவள் பலகையின் முனையில், இரண்டு புறமும் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். நெரிசல் பஸ்ஸில் முன்பக்கம் வரை கேட்கிற குரலில் சொன்னாள்.

“இதே வாசல்ல பதினெட்டாம் நம்பர் ஏறணும். ஆறாவது ஸ்டாப்ல இறங்கி, மெத்தைக் கடைக்கு எதிர்ச் சந்து. பச்சை கேட். அந்த டாக்டரம்மா புதன், வெள்ளி தவிர எல்லா நாளும் இருப்பாங்க. கவர் கிடையாது. ஜோடி கிடையாது.”

காவலாளி ஓடி வந்து, இங்கே ஆள் கூப்பிடக்கூடாது என்றார். அவள் சொல்லி முடித்திருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஃபைலைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படியிறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை முதல் டூட்டி. டைம்கீப்பர் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நோட்டில் அவள் விடுப்பைச் சொந்த அலுவல் என்று எழுதிக்கொண்டார். பஸ் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஐந்து பெண்கள் ஏறினார்கள். ஐந்து பேர் கையிலும் ஃபைல். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆறாவது ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட் கேட்டார்கள். அவர்களில் வயது குறைந்தவள், நாற்பது இருக்கலாம், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்.

“ரொம்ப வலிக்குமா அக்கா?”

“நாலு நாள் வலிக்கும்” என்றாள் கண்டக்டரம்மா. “உள்ள தள்ளி உக்காரு. இன்னும் ஏறுறாங்க.”